இல்லாத சரக்குக்கு எதைக் கொடுக்கலாம்?

விருத்தாசலத்தை அடுத்த நம் கருவேப்பிலங்குறிச்சியின் பெயரிலேயே ஒரு சமையல் சரக்கு இருக்கிறது. ஆனால் அந்தச் சரக்கை மளிகைக் கடையில் யாரும் பெரிதாக மதிப்பதில்லை. காய்கறி வாங்கினால் கொசுறாக ஒரு கொத்து வரும். இல்லையென்றால் பக்கத்து வீட்டுக் கொல்லையில் ஒடித்துக்கொள்வார்கள். அப்படிக் காசில்லாமல் கிடைக்கிற கருவேப்பிலைக்குத்தான் மாற்றுச் சரக்கு எதுவுமே கிடையாது. வெளிநாட்டுச் சமையல் புத்தகங்களில் பிரியாணி இலையைப் போடு, எலுமிச்சைத் தோலைச் சீவிப் போடு என்றெல்லாம் எழுதுகிறார்கள். போட்டுப் பார்த்தவர்கள் மறுமுறை போடுவதில்லை. காய வைத்துத் தூளாக்கிய கருவேப்பிலைகூட, பச்சை இலையின் வாசனையில் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கெடுக்கும் ஒரு பூச்சி இந்த இலையோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும் என்று அமெரிக்கா பச்சைக் கருவேப்பிலைக்குக் கட்டுப்பாடு விதித்திருப்பதால், அங்கே குடியிருக்கும் நம்மவர்கள் வீட்டுக்குள் தொட்டியில் செடி வைத்து வளர்க்கிறார்கள். மாற்று இருந்திருந்தால் இத்தனை பாடு பட மாட்டார்கள்.

மற்ற சரக்குகள் அப்படியல்ல. பலவற்றுக்கு மாற்று உண்டு. நம் கடைகளில் நாள்தோறும் நடப்பதுதான் இது. ஒரு சிறுவன் சீட்டை நீட்டுகிறான். பத்துச் சரக்கில் எட்டு இருக்கிறது, இரண்டு இல்லை. 'இல்லை' என்று சொல்லி அனுப்பினால் மொத்தச் சீட்டும் அடுத்த கடைக்குப் போய்விடுமோ என்ற பயத்தில், கிட்டத்தட்ட அதே மாதிரி இருக்கிற இன்னொன்றைப் பொட்டலம் கட்டிப் போட்டுவிடுகிறோம். பத்தில் ஐந்து முறை யாருக்கும் தெரிவதில்லை. மீதி ஐந்து முறை, மறுநாள் காலையில் அந்த வீட்டு அம்மா பொட்டலத்தோடு கடை வாசலில் நிற்பார்.

மாற்றுச் சரக்கு கொடுப்பதில் தவறில்லை. சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பதுதான் விஷயம். "சோம்பு தீர்ந்துபோச்சும்மா, குழம்புக்குத்தானே? ரெண்டு அன்னாசிப்பூ தட்டிப் போடுங்க, அந்த வாசனை வரும்" என்று சொல்லிக் கொடுத்தால் அது வாடிக்கையாளருக்குச் செய்யும் உதவி. சொல்லாமல் கட்டிக் கொடுத்தால் அதற்குப் பெயர் வேறு. சட்டம் அதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறது என்பதைப் பின்னால் பார்ப்போம். முதலில், எதற்கு எது ஈடாகும் என்பது நமக்கே தெளிவாகத் தெரிய வேண்டும். அதற்கு ஒரு கேள்வி போதும்: அந்தச் சரக்கு அந்தச் சமையலில் என்ன வேலை செய்கிறது? வாசனைக்கா, காரத்துக்கா, புளிப்புக்கா, நிறத்துக்கா, குழம்பு கெட்டிப்படவா? ஒரே வேலையைச் செய்யும் சரக்குகள் ஒன்றுக்கொன்று கைகொடுக்கும். ஒரே மாதிரி கண்ணுக்குத் தெரியும் சரக்குகளோ, ஒரே மாதிரி பெயர் உள்ள சரக்குகளோ கைகொடுக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

பெயரை நம்பி ஏமாறுவதற்குச் சீரகக் குடும்பத்தைவிட நல்ல உதாரணம் கிடையாது. சீரகம், பெருஞ்சீரகம், கருஞ்சீரகம், காட்டுச் சீரகம் என்று நான்கு டப்பாக்கள் நம் அலமாரியில் வரிசையாக நிற்கின்றன. பெயரைப் பார்த்தால் அண்ணன் தம்பிகள். வாசனையில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. சீரகத்தின் வாசனைக்குக் காரணமான பொருள் வேறு, பெருஞ்சீரகம் என்கிற சோம்பின் இனிப்பு வாசனைக்குக் காரணமான பொருள் வேறு. சோம்பில் இருப்பது அனித்தோல் என்ற எண்ணெய்ப் பொருள். அதே அனித்தோல்தான் அன்னாசிப்பூவிலும் இருக்கிறது. சோம்பு செடியில் காய்ப்பது, அன்னாசிப்பூ மரத்தில் காய்ப்பது. ஆனால் குழம்பில் இரண்டும் ஒரே பாட்டைத்தான் பாடுகின்றன. ஆகவே சோம்புக்கு அன்னாசிப்பூ ஈடாகும், சீரகம் ஆகாது. சீரகம் இல்லாத ரசத்தில் சோம்பைப் போட்டால் அது ரசமாக இருக்காது.

கருஞ்சீரகத்தில் இன்னொரு சிக்கல். வடநாட்டுச் சமையல்காரர்கள் 'காலா ஜீரா' என்று கேட்பார்கள். அதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் கருஞ்சீரகம் என்றுதான் வரும். ஆனால் அவர்கள் கேட்பது பிரியாணிக்குப் போடும் ஷா ஜீராவை. அது மெலிந்து, லேசாக வளைந்து, பழுப்புக் கலந்த கருப்பில், நீளவாக்கில் கோடுகளோடு இருக்கும். நம் கருஞ்சீரகம் கன்னங்கரேலென்று, கோணல் மூலைகளோடு, வெங்காய விதையைப் போல் இருக்கும். வடக்கே அதற்குக் கலோஞ்சி என்று பெயர். கல்யாணச் சமையலுக்குச் சீட்டு வரும்போது இந்த ஒரு வரியைக் கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது. கருஞ்சீரகத்தையும் காட்டுச் சீரகத்தையும் நம் பக்கத்தில் மருந்துச் சரக்காகவே அதிகம் வாங்குகிறார்கள். மருந்துக்குக் கேட்பவருக்கு மாற்றுச் சரக்கே கொடுக்கக் கூடாது. இல்லையென்று சொல்லி அனுப்புவதே மரியாதை.

சீரகத்தைப் போலவே தோன்றும் ஓமத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இப்போது சிறிய ஊர்களிலும் பீட்சா, பாஸ்தா கடைகள் வந்துவிட்டன. தைம், ஆரிகேனோ என்று சிறுபிள்ளைகள் கேட்கிறார்கள். தைம் இலையின் வாசனைக்குக் காரணமான தைமால்தான் நம் ஓமத்திலும் நிறைந்திருக்கிறது. முதல் உலகப் போருக்கு முன்பு நம் நாட்டு ஓமம் ஜெர்மனிக்குக் கப்பலேறிப் போய், அங்கே அதிலிருந்துதான் தைமால் வடிக்கப்பட்டது. வீட்டு வாசலில் வளரும் கற்பூரவல்லிக்கு ஓமவல்லி என்று நம் பெரியவர்கள் இன்னொரு பெயர் வைத்ததும் வாசனை அறிந்துதான். ஆரிகேனோ இல்லையென்றால் கற்பூரவல்லி இலையைக் காய வைத்து நொறுக்கிப் போடலாம் என்று சொல்லிப் பாருங்கள். ஓமமாக இருந்தால் நாலே நாலு மணி போதும், காரம் அதிகம்.

அடுத்து இலவங்கம். இந்த ஒரு சொல்லால் எத்தனை சீட்டுகள் திரும்பி வந்திருக்கின்றன என்பது ஒவ்வொரு கடைக்காரருக்கும் தெரியும். சிலர் இலவங்கம் என்று எழுதிக் கிராம்பை எதிர்பார்ப்பார்கள். சிலர் இலவங்கப் பட்டையைச் சுருக்கி 'லவங்கம்' என்று எழுதுவார்கள். எழுதியவர் வீட்டில் இருக்கிறார், வந்திருப்பது சிறுவன். அவனிடம் கேட்டுப் பயனில்லை. கைபேசி வந்துவிட்ட இந்தக் காலத்தில் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுவதே மேல். கிராம்புக்குப் பட்டையோ, பட்டைக்குக் கிராம்போ ஈடாகாது. மசாலாவில் இரண்டும் சேர்ந்தே போவதால் ஒன்று குறைந்தால் தெரியாது என்று நினைப்பது நம் சௌகரியத்துக்காக நாம் சொல்லிக்கொள்வது.

பட்டை விஷயம் கொஞ்சம் பெரியது. இலங்கைப் பட்டை என்று நாம் சொல்வது, மெல்லிய உள்தோல்களைப் பல அடுக்காகச் சுருட்டிச் சுருட்டுப் போல் செய்தது. கையால் நசுக்கினால் நொறுங்கும், நிறம் வெளிர் பழுப்பு, வாசனை மென்மையாக இனிக்கும். இன்னொன்று தடித்த பட்டை. சீனா, வியட்நாம், இந்தோனேசியா நாடுகளிலிருந்து வருவது. ஒரே தோலாகத் தடித்து இருக்கும், உடைக்கப் பலம் வேண்டும், காரம் தூக்கலாக இருக்கும். இரண்டும் வேறு வேறு மரங்களின் தோல். நம் கடைகளில் பெரும்பாலும் விற்பது தடித்த வகைதான். பிரியாணிக்கும் கறிக்குழம்புக்கும் அதில் ஒரு குறையும் இல்லை. சொல்லப்போனால் நெடுநேரம் வேகும் மசாலாவுக்கு அந்தக் காரம்தான் தாங்கும். ஆகவே சமையலுக்கு இதற்கு அது, அதற்கு இது என்று கொடுப்பதில் பெரிய குற்றமில்லை.

ஆனால் இப்போது பலர் பட்டைத் தூளைச் சர்க்கரை நோய்க்கு நல்லது என்று கேள்விப்பட்டுத் தினமும் வெந்நீரில் கலந்து குடிக்கிறார்கள். நல்லதா இல்லையா என்பதை வைத்தியர்கள் சொல்லட்டும். நாம் அறிந்திருக்க வேண்டியது வேறொன்று. தடித்த பட்டையில் கூமரின் என்ற பொருள் கணிசமாக இருக்கிறது. இலங்கைப் பட்டையில் அது மிகச் சொற்பம். கூமரின் அதிகமாகச் சேர்ந்தால் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்படும் என்று ஜெர்மனி அரசின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2006இல் எச்சரித்தது. குழம்பில் ஒரு துண்டு போடுகிறவருக்கு இதனால் ஒன்றுமில்லை. நாள் தவறாமல் கரண்டிக் கணக்கில் சாப்பிடுகிறவருக்கு உண்டு. அப்படிக் கேட்டு வருகிறவரிடம் எது எந்தப் பட்டை என்பதைச் சொல்லியே விற்க வேண்டும். நம் நாட்டு உணவுத் தர விதிகளிலும் இந்த இரண்டு பட்டைகளுக்கும் தனித்தனிப் பெயர், தனித்தனித் தரம் எழுதப்பட்டிருக்கிறது. இலங்கைப் பட்டைக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் புவிசார் குறியீடும் கொடுத்துவிட்டது. விலையிலும் இரண்டுக்கும் நல்ல வித்தியாசம் உண்டு. மலிவான பட்டையை இலங்கைப் பட்டை என்ற பெயரில் விற்பவர் எந்தப் பணத்தைத் தன் பெட்டியில் போட்டுக்கொள்கிறார் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

பட்டையின் உறவுக்காரர்தான் பிரியாணி இலை. நம் கடையில் இருப்பது வடகிழக்கு மலைகளிலிருந்தும் இமயமலை அடிவாரத்திலிருந்தும் வருவது. காம்பிலிருந்து நுனிவரை மூன்று நரம்புகள் ஓடும். கசக்கினால் பட்டை வாசனை வரும். வெளிநாட்டுப் பே இலைக்கு நடுநரம்பு ஒன்றுதான், வாசனை தைல மரத்தின் பக்கம் சாயும். ஒன்று இல்லாவிட்டால் மற்றது கிடைக்கட்டும் என்று காத்திருப்பதைவிடச் சிறு துண்டு பட்டை கூடுதலாகப் போட்டுக்கொள்ளச் சொல்லலாம்.

நம் பகுதிக்காரர்களுக்குக் கொஞ்சம் லாபமும் தரக்கூடிய மாற்று ஒன்று உண்டு. கசகசா விலை ஏறுவதும் இறங்குவதும் நம் கையில் இல்லை. அது அபினிச் செடியின் விதை என்பதால் இறக்குமதிக்கு அரசாங்கக் கட்டுப்பாடுகள் அதிகம். குருமாவில் கசகசா செய்யும் வேலை என்ன? வாசனை சிறிது, பெரிய வேலை குழம்பைக் கெட்டியாக்கி வெளுப்பாக்குவது. அந்த வேலையை முந்திரி இன்னும் நன்றாகவே செய்யும். பண்ருட்டியிலும் விருத்தாசலத்திலும் முந்திரிக்குப் பஞ்சமா? விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட வி.ஆர்.ஐ. 3 ரகத்தை வைத்திருக்கும் தோப்புகள் எத்தனை! முழுப்பருப்பு தேவையில்லை, உடைந்த குருணை போதும், அரைக்கத்தானே போகிறோம். ஒரு ஸ்பூன் கசகசா கேட்கும் குருமாவுக்கு நாலைந்து முந்திரி ஊற வைத்து அரைத்துவிட்டால் ஆயிற்று. மலிவாக வேண்டுமென்றால் பொட்டுக்கடலையும் கெட்டிப்படுத்தும். ஆனால் அதற்கு மாவு ருசி உண்டு, ஹோட்டல் குருமாவில் அது கண்டுபிடிக்கப்பட்டுவிடும். ஒரே ஒரு எச்சரிக்கை: முந்திரி சிலருக்கு ஒவ்வாமை உண்டாக்கும். ஹோட்டலுக்கும் கல்யாண மண்டபத்துக்கும் கொடுக்கும்போது, கசகசாவுக்குப் பதில் முந்திரி போடுகிறார்கள் என்பது சாப்பிடுகிறவருக்குத் தெரிய வேண்டும் என்று சமையல்காரரிடம் சொல்லிவையுங்கள்.

கசகசாவைப் பற்றி இதைவிட அவசரமான செய்தி ஒன்று உண்டு. நம் மாவட்டத்திலிருந்து வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். புறப்படும் முன் தாயார் நம் கடைக்கு வந்து மசாலாச் சாமான் வாங்கி, அரைத்துப் பையில் வைத்து அனுப்புவார். ஐக்கிய அரபு அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் கசகசா தடை செய்யப்பட்ட சரக்கு. போதைப்பொருள் சட்டத்தின் கீழ் அதைப் பார்க்கிறார்கள். தெரியாமல் பையில் கொண்டுபோய் விமான நிலையத்தில் பிடிபட்டுச் சிறைக்குப் போனவர்கள் உண்டு. "பையன் வெளிநாடு போறான், குருமா மசாலா அரைக்கணும்" என்று கேட்டு வரும் அம்மாவிடம், "கசகசா வேண்டாம்மா, முந்திரி போட்டுக்கச் சொல்லுங்க" என்று சொல்ல அரை நிமிடம் ஆகாது. இந்த ஒரு இடத்தில் கேட்ட சரக்கு கையில் இருந்தாலும் மாற்றுச் சரக்கைத்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

இன்னொரு வேடிக்கை. இலங்கைத் தமிழர்கள் கசகசா என்று சொல்வது இதை அல்ல. தண்ணீரில் போட்டால் வழுவழுப்பாக ஊதிக்கொள்ளும் கருப்பு விதையை. நாம் சப்ஜா என்று விற்பதை. கேரளத்திலும் சர்பத்தில் போடும் சப்ஜாவுக்குக் கஸ்கஸ் என்று பெயர். பலூடா போட வந்தவருக்கு வெள்ளைக் கசகசாவைக் கட்டிக் கொடுத்தால் அவர் எவ்வளவு நேரம் ஊற வைத்தாலும் அது ஊதாது.

மிளகுக்கு மாற்று என்ன என்று கேட்டால், நம் மொழியே பதில் சொல்லும். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. போர்த்துக்கீசியர் வழியாக 16ஆம் நூற்றாண்டில் இங்கே வந்தது. அதற்குமுன் நம் சமையலில் காரம் என்றால் மிளகும் திப்பிலியும் இஞ்சியும்தான். புதிதாக வந்த காரக் காய்க்கு, மிளகு போல் உறைக்கும் காய் என்று பெயர் வைத்துக்கொண்டோம். உலகத்தில் நடந்த சமையல் மாற்றுகளில் இதைவிடப் பெரிதாக எதுவும் நடந்திருக்குமா என்பது சந்தேகம். வந்த மாற்று, மூலச் சரக்கையே ஓரம் கட்டிவிட்டது. ஆனால் இரண்டின் காரமும் ஒன்றல்ல. மிளகின் காரம் பைப்பரின், மிளகாயின் காரம் கேப்சைசின். திப்பிலியிலும் பைப்பரின்தான், ஆகவே மிளகுக்கு நெருங்கிய உறவு திப்பிலிதான், மிளகாய் இல்லை. வெள்ளை மிளகு கேட்டு வந்தால் தயங்க வேண்டாம். அது தோல் நீக்கிய அதே மிளகு. சூப்பில் கருப்புப் புள்ளி தெரியக் கூடாது என்பதற்காகத்தான் கேட்கிறார்கள்.

மிளகாயிலும் கேட்ட வகையை மாற்றிக் கொடுக்கும்போது சொல்ல வேண்டும். ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. தோல் தடிப்பு, காரம் மிதம், தாளித்தால் வாசனை. குண்டூர்ப் பக்கத்து நீட்டு மிளகாயை அதே எண்ணிக்கையில் போட்டால் காரம் ஏறிவிடும். காஷ்மீரி, பியாடகி இரண்டும் நிறத்துக்கு; ஒன்றில்லாதபோது மற்றதைத் தாராளமாகக் கொடுக்கலாம். புளிக்குப் பதில் எலுமிச்சை கேட்டால், அடுப்பை இறக்கியபின் பிழியச் சொல்லுங்கள், கொதித்தால் கசக்கும். குங்குமப்பூவுக்கு மாற்று கிடையாது. குசும்பப் பூவிதழ் நிறம் கொடுக்கும், வாசனை கொடுக்காது. அதைக் குங்குமப்பூ என்று சொல்லி விற்பது மோசடி.

பெருங்காயத்தில் கட்டிக்கும் தூளுக்கும் உள்ள வித்தியாசம் வாடிக்கையாளர்கள் பலருக்குத் தெரியாது. அசல் பெருங்காயம் ஆப்கானிஸ்தான், ஈரான், மத்திய ஆசியப் பக்கத்திலிருந்து வரும் பிசின். இமாசலப் பிரதேசத்தில் லாஹௌல் பள்ளத்தாக்கில் 2020 அக்டோபரில்தான் விஞ்ஞானிகள் முதன்முதலாக அந்தச் செடியை நட்டார்கள். அந்தப் பிசினை அப்படியே சமையலில் போட முடியாத அளவுக்குக் காட்டமாக இருப்பதால், மாவும் கோந்தும் சேர்த்துக் கூட்டுப் பெருங்காயமாக்கி விற்கிறார்கள். இது சட்டப்படியே அனுமதிக்கப்பட்டது. அசலில் சாராயத்தில் கரையும் பகுதி குறைந்தது 12 சதவீதம் இருக்க வேண்டும் என்றும், கூட்டுப் பெருங்காயத்தில் 5 சதவீதம் இருந்தால் போதும் என்றும் விதி. ஆகவே அசல் பெருங்காயம் கேட்டவருக்குக் கூட்டுப் பெருங்காயத்தைக் கொடுத்தால் அளவு கூடுதலாகப் போட வேண்டும் என்று சொல்ல வேண்டும். கோதுமை ஆகாதவர்கள் யாராவது கேட்டால் டப்பாவில் சேர்மானம் படித்துப் பார்த்துக் கொடுங்கள். பலவற்றில் கோதுமை மாவு இருக்கிறது. பூண்டு சாப்பிடாதவர்கள் பெருங்காயத்தைப் போடுவதும் மாற்றுதான். இரண்டின் வாசனையும் கந்தகச் சேர்மங்களிலிருந்து வருவது.

இதுவரை சொன்னவற்றில் தவறு நடந்தால் பெரும்பாலும் குழம்புதான் கெடும். ஆள் கெடும் மாற்றுகளும் உண்டு. அன்னாசிப்பூவைப் போலவே ஜப்பானில் ஒரு காய் இருக்கிறது. பார்வைக்கு அதே எட்டு இதழ், உள்ளே விஷம். 2001இல் நெதர்லாந்தில் இந்தக் காய் கலந்த அன்னாசிப்பூவைத் தேநீரில் போட்டுக் குடித்தவர்கள் வலிப்பு வந்து மருத்துவமனைக்குப் போனார்கள். 2003இல் அமெரிக்க அரசும் குழந்தைகளுக்கு அன்னாசிப்பூத் தேநீர் கொடுக்க வேண்டாம் என்று எச்சரித்தது. கண்ணால் பார்த்து இதைப் பிரிப்பது கஷ்டம். ஆகவே அன்னாசிப்பூவை மட்டும் யாரோ கொண்டுவந்து மலிவாகக் கொடுக்கிறார்கள் என்று வாங்கிப் போடாதீர்கள்.

நம் வயல் வரப்பிலேயே இருக்கும் ஆபத்து பிரமதண்டு. மஞ்சள் பூப் பூக்கும் அந்த முள்செடியின் விதை கடுகைப் போலவே இருக்கும். 1998 ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் டில்லியில் பிரமதண்டு எண்ணெய் கலந்த கடுகு எண்ணெயைச் சாப்பிட்டு 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கால் வீங்கி மருத்துவமனைக்கு வந்தவர்கள் ஆயிரக்கணக்கில். அதன் பிறகு ஊர் ஊராகக் கடுகெண்ணெய் வியாபாரமே படுத்துப்போனது. கலப்படம் செய்தவரோடு செய்யாதவரும் சேர்ந்து நஷ்டப்பட்டார்கள். கடுகு மூட்டை வரும்போது ஒரு பிடி எடுத்துப் பாருங்கள். கடுகு வழவழப்பாக இருக்கும், நசுக்கினால் உள்ளே மஞ்சள். பிரமதண்டு விதை சொரசொரப்பு, நசுக்கினால் வெள்ளை. மிளகில் பப்பாளி விதை கலப்பதில் உயிராபத்து இல்லை, பெயர்தான் போகும். தண்ணீரில் போட்டால் பப்பாளி விதை மிதக்கும் என்பார்கள். பொக்கு மிளகும் மிதக்கும் என்பதால், மிதந்ததை எடுத்து நசுக்கி, காரம் இருக்கிறதா என்று நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இனிச் சட்டம். 1954ஆம் ஆண்டு உணவுக் கலப்படத் தடைச் சட்டம் போய், உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம், 2006 என்பது 2011 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறையில் இருக்கிறது. வேறொரு உணவுப் பொருளுக்குரிய பெயரில் விற்கப்படுவது இதன்படி தவறான பெயரிட்ட உணவு. 52ஆம் பிரிவில் 3 லட்சம் ரூபாய் வரை அபராதம். வாங்குபவர் கேட்ட தன்மையோ, பொருளோ, தரமோ இல்லாத சரக்கை விற்பதற்கு 50ஆம் பிரிவு இருக்கிறது. அபராதம் 5 லட்சம் வரை. பதிவு மட்டும் பெற்ற சிறு வணிகர்களுக்கு அந்தப் பிரிவில் உச்சவரம்பு 25,000 ரூபாய். சிறு கடைக்கு அதுவும் சின்னத் தொகை அல்ல. பிரிவின் வாசகத்தைக் கவனியுங்கள்: 'வாங்குபவர் கேட்ட'. நாம் கொடுத்த சரக்கு நல்ல சரக்கா என்பது அங்கே கேள்வியில்லை. அவர் கேட்டது அதுவா என்பதே கேள்வி. ஆகவே மாற்றுச் சரக்கைக் கொடுக்கும்போது பில்லில் மாற்றுச் சரக்கின் பெயரையே எழுதுங்கள். சோம்பு கேட்டு அன்னாசிப்பூ வாங்கிப் போகிறவர் பில்லில் அன்னாசிப்பூ என்றே இருக்கட்டும். சீட்டோடு சிறுவன் வந்திருந்தால், அந்தச் சீட்டிலேயே பக்கத்தில் 'இது இல்லை, அதற்குப் பதில் இது' என்று எழுதி அனுப்புவது இன்னும் நல்லது. அரைத்த மசாலாத் தூள்களை உதிரியாக அள்ளி விற்கவே விதி இடமளிக்கவில்லை. பொட்டலமாக, பெயரோடுதான் விற்க வேண்டும். தூளில்தான் மாற்று மறைந்திருக்கும் என்பது அரசுக்கும் தெரியும்.

கொள்முதலில் நமக்குப் பாதுகாப்பு தரும் பிரிவு 26. நமக்கு விற்கும் மொத்த வியாபாரி சரக்கின் தன்மைக்கும் தரத்துக்கும் எழுத்தில் உறுதி தர வேண்டும். அவர் கொடுக்கும் பில்லே அந்த உறுதியாகக் கருதப்படும் என்கிறது சட்டம். பில் இல்லாத சரக்கில், யாரிடமிருந்து வந்தது என்று காட்ட முடியாத சில்லறைக் கடைக்காரரே பொறுப்பாளியாகிவிடுகிறார். பில் இருந்தாலும் அதில் 'மசாலாச் சாமான்' என்று மொத்தமாக ஒரு வரி எழுதியிருந்தால் பயனில்லை. பட்டை என்றால் எந்தப் பட்டை, பெருங்காயம் என்றால் கூட்டா அசலா, சீரகம் என்றால் எந்தச் சீரகம் என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். மொத்தக் கடையில் முகம் சுளிப்பார்கள். இரண்டு முறை கேட்டால் மூன்றாம் முறை அவர்களாகவே எழுதிக் கொடுப்பார்கள். கடைக்கு வந்ததும் அதே பெயரை டப்பாவிலும் ஒட்டிவிடுங்கள். சோம்பையும் சீரகத்தையும் பழைய பிளாஸ்டிக் டப்பாக்களில் மாற்றி மாற்றிக் கொட்டினால் ஒன்றின் வாசனை மற்றதில் ஏறிவிடும். பீங்கான் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறோம், மூடியுள்ள ஜாடி நாலு வாங்கி வைப்பது நமக்குக் கஷ்டமில்லை. கழுவிக் காய வைத்தால் பழைய வாசனை தங்காது.